கணக்கு பயம்: சேலம் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சேலம் அம்மாபேட்டையில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் செருப்பைத் தேடியபடியே கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனநல மருத்துவர் அல்ல. ஆய்வு சொல்வது எது, நான் வகுப்பில் பார்த்தது எது, என் அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

கணக்கு பயம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? படிக்காமல் இருக்கப் பிள்ளைகள் சொல்லும் சாக்குத்தானே?

இருக்கிறது. மேரி கோஃப் என்ற அமெரிக்க ஆசிரியை 1954-இலேயே இதன் காரணங்களையும் தீர்வுகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1972-இல் ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அளப்பதற்கென்றே 98 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். பல நாடுகளில் நடக்கும் பீசா என்ற சர்வதேச மாணவர் தேர்வு, 2012-இல் 15 வயது மாணவர்களிடம் கருத்தும் கேட்டது. அதை நடத்தும் ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் சராசரிப்படி, கணக்கு வகுப்பு கடினமாக இருக்குமே என்று அடிக்கடி கவலைப்படுவதாக 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். வீட்டுக்கணக்குப் போட உட்கார்ந்தாலே மிகவும் பதற்றமாகிவிடுவதாகச் சொன்னவர்கள் 33 விழுக்காடு. ஆக, இது நம் ஊர்ப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் அல்ல.

அதே சமயம் இது தனி நோயும் அல்ல. மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் கணக்கு பயத்துக்கென்று தனிப் பெயர் கிடையாது.

சாக்கு எது, பயம் எது என்று பெற்றோர் கேட்டால் நான் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. சாக்குச் சொல்கிற பிள்ளை வீட்டுக்கணக்கிலிருந்து தப்பித்தவுடன் சந்தோஷமாக விளையாடப் போய்விடும். பயப்படுகிற பிள்ளை தப்பித்த பிறகும் நிம்மதியாக இருக்காது. நோட்டை மறைத்துவைக்கும், நாளைக்கு டீச்சர் கேட்பாரே என்று இரவு உணவிலும் அதே நினைப்பாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு உள்ளங்கை வியர்த்துத் தாள் ஈரமாகிவிடும். இதையெல்லாம் நடித்துக்காட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இரவே வயிற்றுவலி என்கிறாள். திங்கள் முதல் பீரியடு கணக்கு. மருத்துவரிடம் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறாளா?

வலி நிஜமாகவே இருக்கலாம். லயன்ஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வு ஒன்று இருக்கிறது. கணக்கு பயம் மிகுந்தவர்களுக்கு ‘அடுத்து வருவது கணக்கு’ என்ற அறிவிப்பு வந்த நொடியிலேயே, உடல் வலியை உணரும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் இயங்கின. கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படி நடக்கவில்லை. எதிர்பார்ப்பில்தான் வலி இருந்தது.

எனவே முந்தைய இரவில் செய்யக்கூடியது: அவளை உட்காரவைத்து ஏதாவது ஒரு கணக்கை, அவளுக்குத் தெரிந்த கணக்கையே, போடவையுங்கள். ஐந்து நிமிடம் போதும். காத்திருப்பதைவிட போடுவது சுலபமாக இருப்பதை அவளே பார்ப்பாள். காலையில் எழுந்தவுடன் வேண்டாம். அந்த நேரத்தில் எல்லாருக்குமே அவசரம்.

வீட்டில் எல்லாம் சரியாகப் போடுகிறான். பரீட்சையில் மட்டும் தெரிந்த கணக்கையும் தப்பாகப் போட்டுவிட்டு வருகிறான். ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

42-ஐயும் 25-ஐயும் கூட்டுங்கள். 67. சிரமமே இல்லை. இப்போது 47-ஐயும் 25-ஐயும் கூட்டுங்கள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு; இரண்டை வைத்து ஒன்றை மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும்; நான்கும் இரண்டும் ஆறு, மனதிலிருந்த ஒன்றைச் சேர்த்தால் ஏழு; 72. அந்த ‘மனதிலிருந்த ஒன்று’ சில நொடிகள் எங்கோ தங்கியிருந்தது அல்லவா? அந்த இடத்தைத்தான் உளவியலார் செயல்நினைவு என்கிறார்கள். அது எல்லாருக்குமே சிறியது. கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் முன்னாலிருக்கும் சிறு பலகையைப் போன்றது. அதில் பாதி இடத்தை வேறு சாமான் அடைத்துக்கொண்டால் கோக்க வேண்டிய மணிகள் கீழே உருண்டுவிடும்.

பயம் அந்தப் பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. ‘நேரம் போகிறது’, ‘பக்கத்தில் இருப்பவன் அடுத்த பக்கம் திருப்பிவிட்டான்’, ‘அப்பா என்ன சொல்வார்’ என்ற எண்ணங்கள் ஒவ்வொன்றும் இடம் கேட்கின்றன. ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டச் சொன்னார்கள். மனதில் ஒன்றைப் பிடித்துவைக்க வேண்டிய கூட்டல்களில்தான், அதுவும் நினைவில் வைக்க வேண்டிய எழுத்துகள் அதிகமானபோதுதான், கணக்கு பயம் மிகுந்தவர்கள் மிக மோசமாகத் தடுமாறினார்கள். பிடித்துவைக்க எதுவுமில்லாத எளிய கூட்டலில் பெரிய வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் ஒரு பழக்கம்: மனதில் எதையும் பிடித்துவைக்காதே, தாளில் எழுது. பத்தாம் வகுப்பில் கூட ‘மீதி 1’ என்று ஓரத்தில் எழுதுவதை நான் கேவலமாக நினைப்பதில்லை. மனக்கணக்காகப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிச்சொல்லியே நாம் பிள்ளைகளின் ஓரக்குறிப்பைப் பிடுங்கிவிட்டோம். பரீட்சையில் வலப்பக்கம் ஒரு கோடு போட்டு, மேலே ‘செய்முறை’ என்று எழுதிவிட்டு, எவ்வளவு சின்னக் கணக்கையும் அங்கே போடலாம்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது வருமா?

தாராளமாக வரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கு பயம் மிகுந்த பிள்ளைகளில் 77 விழுக்காட்டினர் கணக்கில் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ மதிப்பெண் வாங்குகிறவர்கள். 98 வாங்கிவிட்டு இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்கப்படுகிற பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களை யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் வீட்டில் யாருக்குமே கணக்கு வராது. பரம்பரையாக வந்திருக்குமோ?

இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணக்கு பயம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மரபின் பங்கு ஏறக்குறைய 40 விழுக்காடு என்றது. மீதி பிள்ளை வளரும் சூழலிலிருந்து வருகிறது.

சூழல் என்றால் பெற்றோரும்தான். மலோனி முதலியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு பெற்றோருக்குக் கொஞ்சம் கசக்கும். கணக்கு பயம் உள்ள பெற்றோர், முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வீட்டுக்கணக்கில் உதவியபோது அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. அடிக்கடி உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. பயம் பிள்ளைக்குப் போய்ச் சேரும் வழி அந்த உதவிதான் என்று தெரிகிறது. நோட்டைப் பார்த்தவுடன் வரும் பெருமூச்சு, ‘எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை’, ‘இது கூடவா தெரியாது’ – பிள்ளை இவற்றைத்தான் முதலில் கற்கிறது.

‘எங்களுக்குக் கணக்கு வராது’ என்று சொல்கிற அம்மாக்களில் பலர் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் கொலுசு வேலை செய்பவர்கள். எத்தனை ஜோடி முடித்தோம், கிராமுக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதில் அவர்களை யாரும் ஒரு ரூபாய்கூட ஏமாற்ற முடியாது. அவர்கள் வராது என்று சொல்வது பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அந்த நினைவை.

அப்படியானால், கடையில் சில்லறைக் கணக்கைச் சட்டென்று சொல்கிறவன் பள்ளியில் ஏன் திணறுகிறான்?

செவ்வாய்ப்பேட்டையில் விடுமுறை நாள்களில் கடையில் நிற்கும் பையன்களைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. உலகம் முழுவதும் கேட்கப்பட்டதுதான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களை வைத்துச் செய்யப்பட்டு 1985-இல் வெளிவந்த ஆய்வு புகழ்பெற்றது. வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 விழுக்காடு சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்குகளைத் தாளில் எண்களாக மட்டும் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகப் போட்டார்கள்.

இந்தியாவிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டாவது பாதியைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சந்தையில் கற்றது சந்தையிலும், பள்ளியில் கற்றது நோட்டிலும் தங்கிவிடுகின்றன. நடுவில் பாலம் போட ஆளில்லை.

வீட்டில் பாலம் போட முடியும். கடையில் அவன் 35 ரூபாய் வீதம் 10 பொருளின் விலையை எப்படிச் சொன்னான் என்று கேளுங்கள். ‘மூன்றுக்கு நூற்றைந்து, ஆறுக்கு இருநூற்றுப்பத்து…’ என்று ஏதாவது ஒரு வழி சொல்வான். அவன் சொன்னதை அப்படியே எண்களாக எழுதிக்காட்டச் சொல்லுங்கள். பள்ளி முறையைத் திணிக்க வேண்டாம். எழுதியதைப் பார்த்துவிட்டு அவனே ‘இதைப் பத்தால் பெருக்கினால் முடிந்ததே’ என்பான்.

ஏற்காடு மலைக்கிராமத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, இங்கே விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். அங்கே கணக்கில் முதல் மாணவன். இங்கே வாயே திறப்பதில்லை. பயமா, பாடம் புரியவில்லையா?

பெரும்பாலும் இரண்டும் சேர்ந்திருக்கும். எது முதலில் வந்தது என்று தேடுவதில் பயனில்லை. புரியாததால் பயம் வருகிறது, பயத்தால் புரியாமல் போகிறது என்று இரண்டு திசையிலும் ஆய்வுகள் காட்டுகின்றன. பயத்தைப் பேசித் தீர்ப்பதற்கு முன் நோட்டைப் பாருங்கள் என்பதுதான் என் அனுபவம்.

இப்படி வந்த ஒரு மாணவனின் நோட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். x² − 5x + 6 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். (x − 2)(x − 3) என்று எழுதியிருந்தான். சரியான விடை. ஆனால் அதை அழுத்தி அழித்துவிட்டு, கீழே (x − 1)(x − 6) என்று எழுதி, அதையும் அடித்திருந்தான். ஏன் அழித்தாய் என்று கேட்டதற்குப் பெருக்கிச் சரிபார்த்தேன், தப்பு வந்தது என்றான். பெருக்கிக் காட்டு என்றேன். −3x, −2x என்று சரியாக எழுதினான். இரண்டையும் சேர்த்து +5x என்றான். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்.’

அந்த விதி பெருக்கலுக்கு உரியது. கூட்டலுக்கும் அதையே போட்டுவிட்டான். −3 − 5 எவ்வளவு என்று கேட்டேன், 8 என்றான். −3 + 5 எவ்வளவு? ‘மைனஸும் பிளஸும் மைனஸ்’, எனவே −8. எவ்வளவு ஒழுங்கான பிழை, பாருங்கள். எதையும் அவன் ஊகிக்கவில்லை. ஒரே விதியை நேர்மையாக எல்லா இடத்திலும் பின்பற்றியிருந்தான். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் மோதி மோதி உடைந்துகொண்டிருந்தது. எந்தக் கணக்கைப் போட்டாலும் தப்பு வருகிறது, காரணம் தெரியவில்லை என்ற நிலையில் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

மூன்று ரூபாய் கடன், அதன்மேல் ஐந்து ரூபாய் கடன், மொத்தம் எவ்வளவு கடன் என்று தொடங்கி, எண்கோட்டில் பூஜ்ஜியத்திலிருந்து இடப்பக்கம் நடக்கவைத்துச் சில மாலைகளில் சரிசெய்தோம். பேச்சு தானாக வந்தது. முதலில் பேசியது என்னிடம் அல்ல, பக்கத்தில் இருந்தவனிடம். ‘டேய், அது கூட்டல்டா’ என்று.

விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்குவது 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் என்றாலும், இங்கே கேள்வி கேட்கத் துணிவு வர ஒரு பருவமாவது ஆகும்.

பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாமே?

பயப்படுகிறோம் என்று சொல்கிறவர்களில் பெண்கள் அதிகம். பீசா தரவிலும் அப்படித்தான். ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். பெய்லாக் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 17 ஆசிரியைகளின் வகுப்புகளை ஓர் ஆண்டு கவனித்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியையின் கணக்கு பயத்துக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை. ஆண்டு முடிவில், பயம் அதிகமுள்ள ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகளில் பலர் ‘பையன்களுக்குக் கணக்கு வரும், பெண்களுக்கு வாசிப்பு வரும்’ என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பிய சிறுமிகளின் கணக்கு மதிப்பெண்தான் குறைந்தது. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரில் அதைச் சொல்ல ஆசிரியை தேவையில்லை. கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா போதும்.

அடித்தால் படிப்பான் என்கிறார்களே?

மாட்டான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. சட்டம் இருக்கட்டும், மேலே சொன்ன செயல்நினைவில் அடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வகுப்பு முன்னால் நிற்கவைத்து ‘இவனைப் பாருங்கள்’ என்பதும் அடிதான்.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்லலாமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

செய்ய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது யோசிக்காமல் வந்தால், செயல்நினைவில் அந்த இடம் மிச்சம். வேண்டாததெல்லாம் ஸ்டாப்வாட்ச், வரிசையில் நிற்கவைத்து ஒப்பிக்கவைத்தல், தடுமாறினால் சிரிப்பு. பல பேருக்குக் கணக்கு பயம் பிறந்தது மூன்றாம் வகுப்பின் அந்த வரிசையில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மனப்பாடம் செய்ய வேண்டியது நினைப்பதைவிட மிகக் குறைவு. இரண்டிலிருந்து ஒன்பது வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால், 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்றே என்று கொண்டால், 36 விடைகள்தான். அவற்றில் இரண்டு, ஐந்து, ஒன்பதாம் வாய்ப்பாடுகள் பிள்ளைகளுக்குச் சுலபம். ஒன்பதில் இலக்கங்களின் கூடுதல் எப்போதும் ஒன்பது. அவற்றை எடுத்துவிட்டால் 15. மூன்றும் நான்கும் கூட்டிச் சொல்லலாம். கடைசியில் உண்மையாகவே தொல்லை தருபவை ஆறுதான்: 6 × 6 = 36, 6 × 7 = 42, 6 × 8 = 48, 7 × 7 = 49, 7 × 8 = 56, 8 × 8 = 64. ஒரு மாதத்துக்கு இந்த ஆறையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பயந்த பிள்ளையிடம் ‘உனக்குத் தெரியாதது ஆறுதான்’ என்று எண்ணிக் காட்டும்போது முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

டியூஷன் சேர்த்தால் சரியாகிவிடுமா?

டியூஷன் எடுப்பவரிடமே கேட்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்: எந்த மாதிரி டியூஷன் என்பதைப் பொறுத்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியாக ஆளுக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பயம் அதிகமிருந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பும் அடங்கியது. தனித்தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து என்பதுதான் அங்கே மருந்து. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அறுபது பேரை உட்காரவைத்துத் தினம் ஒரு டெஸ்ட், தினம் ஒரு ரேங்க் என்று நடத்தினால் பள்ளியில் ஒருமுறை வந்த பயம் மாலையிலும் ஒருமுறை வரும். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் சொன்ன பிள்ளையை ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அன்று கை நடுங்கினால் என்ன செய்வது?

வினாத்தாளின் அமைப்பைத் தெரிந்துகொள்வதே பாதி மருந்து. இப்போதைய கணக்குத் தாள் 100 மதிப்பெண்; தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். இரண்டிலும் 14 கொடுத்து, ஒன்றை மட்டும் கட்டாயமாக்கி, மற்றவற்றில் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். கடைசியில் வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16.

அந்தப் பதினாறைப் பாருங்கள். தொடுகோடு வரைவதோ வடிவொத்த முக்கோணம் வரைவதோ வழிமுறை தெரிந்தால் கை செய்யும் வேலை. மனதில் பிடித்துவைக்க அதிகமில்லை. வரைபடத்திலும் அட்டவணை, புள்ளி, வளைகோடு என்று வரிசையாகப் போகலாம். கை நடுங்குகிற பிள்ளைகளை நான் பென்சிலில்தான் தொடங்கச் சொல்கிறேன். வரைந்து முடிக்கும்போது மூச்சு சீராகியிருக்கும், கையில் நல்ல மதிப்பெண்ணும் இருக்கும். ஒரு மதிப்பெண் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அதைக் ‘கடினமானது எது’ என்று தேடுவதற்குப் பயன்படுத்தினால் போச்சு. தெரிந்ததை மட்டும் தேடி, எண்களை மனதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு முன்பே செய்யக்கூடிய இன்னொன்று: ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011-இல் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிய பயந்த மாணவர்கள் மேலான மதிப்பெண் வாங்கினார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். செலவு ஒரு தாள்தான். பள்ளி வாசலில் கடைசி நிமிடம் வரை ஃபார்முலா புரட்டுவதைவிட நிச்சயம் நல்லது. அந்த வாசலில் தோழிகள் ‘இது படித்தாயா, அது படித்தாயா’ என்று கேட்கும் கூட்டத்திலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

தெரியாத கணக்கானாலும் சூத்திரமும் கொடுக்கப்பட்ட மதிப்புகளும் எழுதினால், படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. வெள்ளைத்தாளுக்குக் கிடையாது.

கணக்கு வேண்டாம் என்று பதினொன்றாம் வகுப்பில் வேறு குரூப் எடுக்கிறேன் என்கிறாள். விடலாமா?

வேறொன்று பிடித்திருக்கிறது என்று போனால் விடுங்கள். கணக்கிலிருந்து ஓடுவதற்காகப் போகிறாள் என்றால் ஒருமுறை பேசிப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வணிகவியல் பக்கம் போனாலும் சி.ஏ. அடிப்படைத் தேர்வில் கணக்கும் புள்ளியியலும் உண்டு. எந்தப் பட்டமும் வேண்டாம், அரசு வேலை போதும் என்றால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவு; தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், வேலை-நேரம் என்று பத்தாம் வகுப்புவரை விட்டுவந்த அதே கணக்குகள். முப்பது வயதில் அந்த 25-க்காக என்னிடம் வந்து உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அப்போது போடுவதைப் பதினைந்து வயதிலும் போடலாம்.

டிஸ்கால்குலியா என்று படித்தேன். அதுவா இது?

இரண்டும் வேறு. டிஸ்கால்குலியா எண்களைக் கையாள்வதிலேயே உள்ள கற்றல் குறைபாடு. பயமே இல்லாத நேரத்திலும், நிதானமாகச் சொல்லிக்கொடுத்த பிறகும், எந்த எண் பெரியது, மீதிச் சில்லறை எவ்வளவு, மணி பார்ப்பது போன்றவற்றில் திணறல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதைக் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

பயம் கணக்கோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, ‘செத்துவிடலாம்’ போன்ற பேச்சு என்று போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, சுகாதார உதவிக்கு 104, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417.

எனக்கு 45 வயது. எட்டாம் வகுப்புக் கணக்கைப் பார்த்தாலே எனக்கே பயம். மகளுக்கு எப்படி உதவுவது?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். ‘இதை எனக்குச் சொல்லிக்கொடு’ என்று பக்கத்தில் உட்காருங்கள். புரியாத இடத்தில் ‘எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். அவள் விளக்கும்போது தன் பிழையைத் தானே பிடிப்பாள். திருத்துவது உங்கள் வேலை அல்ல.

சிகாகோவில் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து தூங்கும் முன் சின்னக் கணக்குக் கதை ஒன்றைப் படித்து விடை பேசும்படி செய்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், கணக்கு பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது. நமக்குக் கதையும் தேட வேண்டியதில்லை. மாம்பழ சீசனில் ஒரு கூடை சேலம் பெங்களூராவை வாங்கி வந்து, கிலோ விலையும் மொத்த எடையும் பழங்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் ஒரு பழம் சராசரியாக என்ன விலை என்று பேசலாம். கொட்டைக்கும் தோலுக்கும் எவ்வளவு கழிக்கலாம் என்ற சண்டையும் விழுக்காடுதான்.

உங்களுக்கே திரும்பக் கற்க ஆசையிருந்தால் எட்டாம் வகுப்பில் தொடங்க வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு நூலை இறக்கிக்கொண்டு பின்னங்களைப் பாருங்கள். பெரும்பாலானோர் விட்ட இடம் அதுதான். முதல் பயிற்சியில் ஒன்றுவிட்டு ஒன்று போட்டால் போதும்; விடைகள் நூலின் கடைசியில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம்.